கைமாறிய அறை

திருகோணமலையைக் கண்ணால் காண வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. ஈழத்தில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டு. ஒன்று மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீச்சரம்; மற்றொன்று கீழைக் கடற்கரையிலுள்ள திருக்கோணமலை. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சம்பந்தப் பெருமான் இவ்விரண்டையும் இராமேசுவரத்தில் இருந்தபடியே பாடிப் பரவினார் என்று பெரிய புராணம் கூறும். வகுப்பறையில் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம், "நாமாவது ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும்" என்று மனம் ஏங்கும்.

அந்த வாய்ப்பு அண்மையில் ஒரு விடுமுறையில் கிட்டியது. சென்னையில் ஏறி, அம்பாந்தோட்டையைத் தொட்டு, நான்காம் நாள் திருகோணமலையை அடையும் உல்லாசக் கப்பல் ஒன்றில் எனக்கும் மனைவிக்கும், பள்ளியில் படிக்கும் என் மகளுக்கும் சேர்த்து ஓர் அறையைப் பதிவு செய்தேன்.

அந்தப் பதிவில் நான் செய்த காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கப்பலின் வரைபடத்தில் ஒரே கட்டணத்திற்குரிய அறைகள் பல இருந்தன. அவற்றில் ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிடப் பெரியதாகத் தெரிந்தது. அதன் ஓரத்தில் சக்கர நாற்காலியின் சிறு அடையாளம் ஒன்றும் இருந்தது. அதை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும். பதிவு செய்து கொடுத்தவர், "உங்களில் யாருக்காவது நடப்பதில் சிரமம் உண்டா?" என்று கேட்டார். "எனக்குக் கொஞ்சம் முழங்கால் வலி உண்டு" என்றேன். வலி இருந்தது உண்மை. ஆனால் அந்த வலியோடுதான் நாள்தோறும் மூன்றாம் மாடியிலுள்ள வகுப்புக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்!

பிரயாணம் தொடங்கும் நாளன்று சென்னைத் துறைமுகத்தில், கப்பல் உத்தியோகஸ்தர் ஒருவர் எங்களைத் தனியே அழைத்தார். "ஐயா, உங்கள் குடும்பத்தில் எவரேனும் சக்கர நாற்காலி உபயோகிக்கிறீர்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் அன்புகூர்ந்து வேறு அறைக்கு மாற வேண்டும். அந்த அறை இல்லாமல் பிரயாணம் செய்யவே முடியாத ஒருவர் வந்திருக்கிறார். கட்டணத்தில் வித்தியாசம் இல்லை" என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பணம் கட்டி ஆறு வாரம் ஆயிற்றே, ரசீது இருக்கிறதே, கடைசி நேரத்தில் மாற்றுவது எந்த ஊர் நியாயம் என்றெல்லாம் குரலை உயர்த்திப் பேசினேன். முழங்காலையும் சாட்சிக்கு இழுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். என் மனைவி மட்டும் தாழ்ந்த குரலில், "வாருங்கள், போகலாம்; குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறாள்" என்றாள். வேறு வழியின்றி இரண்டு தளம் கீழே எங்களுக்குக் கொடுத்த அறைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அறை சிறியதுதான், ஆனால் எங்களுக்குப் போதுமானது. குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராதிருக்க ஒரு தடுப்பு, ஏறத்தாழ ஒரு சாண் உயரம். என் மகள் விளையாட்டாகத் தன் பெட்டியிலிருந்த அளவுகோலை எடுத்து அந்தக் கதவின் அகலத்தை அளந்தாள். இருபத்திரண்டு அங்குலம் என்றாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றிரவு முழுவதும் கோபத்திலேயே புரண்டுகொண்டிருந்தேன்.

மறுநாள் மாலை மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது, என் மகள் ஓர் அம்மையாரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டேன். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். பக்கத்தில் அவருடைய அண்ணன் மகன் நின்றுகொண்டிருந்தான். பேச்சைக் கேட்டதுமே ஈழத்தவர் என்று தெரிந்துவிட்டது. பிறந்து வளர்ந்த ஊர் திருகோணமலை. 1980-களின் நடுவில், ஊர் கலங்கிய காலத்தில் கடல் கடந்து போய்க் கனடாவில் குடியேறியவர். அதன்பின் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமற் போயிற்று. உறவினர் திருமணத்திற்காகச் சென்னை வந்த இடத்தில், இந்தக் கப்பல் தம் ஊருக்குப் போகிறது என்று கேள்விப்பட்டு, புறப்பாட்டுக்குச் சில நாட்களே இருந்த வேளையில் விண்ணப்பம் செய்தாராம்.

"இடம் இல்லை எண்டுதான் முதலில சொன்னவை, தம்பி. எனக்கேற்ற அறை இந்தக் கப்பலில நாலுதான், நாலும் போய்விட்டுது. பிறகு யாரோ ஒரு புண்ணியவான் தன்ர அறையை விட்டுத் தந்தவராம்" என்றார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கடலைப் பார்த்தபடி நின்றேன்.

அவரே தொடர்ந்து வேறொரு பிரயாணத்தைப் பற்றிச் சொன்னார். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு கடலில், வேறொரு கப்பலில் நடந்தது அது. முன்கூட்டியே பதிவு செய்திருந்தும், போய்ப் பார்த்தால் அவருக்குரிய அறையில் வேறு யாரோ இருந்தார்கள். கிடைத்த சாதாரண அறையின் கதவுக்குள் நாற்காலி நுழையவில்லை. வாசலில் நாற்காலியை மடக்கி வைத்துவிட்டு, இருவர் அவரைத் தூக்கிக் கட்டிலில் இருத்துவார்கள். குளியலறைக்கும் அப்படியே. "ஏழு நாளும் மத்தியானத்துக்குப் பிறகு நான் தண்ணி குடிக்கிறதில்லை, தம்பி. குடித்தால் இரவில ஆளை எழுப்ப வேணும்" என்றார். குறை சொல்லும் தொனியே அதில் இல்லை. பஞ்சாங்கம் படிப்பதைப் போல் சாதாரணமாகச் சொன்னார்.

அன்றிரவு எங்கள் அறைக்குத் திரும்பியதும் அந்தக் குளியலறைக் கதவை முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தேன். பெரியவர் ஒருவர் உபயோகிக்கும் சக்கர நாற்காலியின் அகலம் சுமார் 25 அங்குலம். அது தாராளமாக நுழைய வேண்டுமானால் வாசலின் திறப்பு 32 அங்குலம் இருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் வகுத்துள்ள அளவு. உள்ளே நாற்காலியைத் திருப்புவதற்கு ஐந்தடி விட்டமுள்ள இடம் வேண்டும். வாசலில் தடுப்பு இருக்கலாகாது. கழிப்பிடத்தின் அருகே பிடித்துக்கொள்ளக் கைப்பிடிகளும், நீராடுமிடத்தில் உட்காரப் பலகையும் தேவை. நான் "பெரிய அறை" என்று ஆசைப்பட்டேனே, அந்தப் பெரிய இடமெல்லாம் நாற்காலி திரும்புவதற்காக விட்ட இடம். அதில் நான் என் பெட்டிகளை வைத்திருப்பேன்!

வேறொன்றும் உண்டு. சாதாரண அறைகள் கப்பலில் நூற்றுக்கணக்கில் உள்ளன. இத்தகைய அறைகளோ பெரும்பாலான கப்பல்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று என்ற அளவைத் தாண்டுவதில்லை; பழைய கப்பல்களில் அதனினும் குறைவு. நாற்காலியை வெளியே நடைவழியில் விட்டுவைக்கலாம் என்றால், தீ விபத்தின்போது வழி மறிக்கும் என்பதால் அதற்கும் அனுமதி இல்லை. ஆகவே என் போன்றவன் அந்த அறையில் புகுந்தால் எனக்குக் கிடைப்பது சிறிது தாராளம். அது கிடைக்காதவருக்கோ பிரயாணமே இல்லை.

நான்காம் நாள் விடியற்காலையில் கப்பல் திருகோணமலையை நெருங்கியது. முதலில் தெரிவது கோணமாமலையின் பாறை. அதன் உச்சியில் கோபுரம். பாறையைச் சுற்றிக்கொண்டு தெற்கே திரும்பினால் கொட்டியாரக் குடா விரிகிறது. மகாவலி கங்கை வந்து கலக்கும் குடா அது. அதன் வடபால் மலைகள் சூழ, ஏரி போல் அமைதியாகக் கிடக்கிறது உள்துறைமுகம். கரையோரம் வரையில் ஆழம் இருப்பதால் பெருங்கப்பல்களும் அச்சமின்றி உள்ளே வரலாம். இந்த ஆழத்தின் மேல் வைத்த கண்ணால்தான் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் அத்தனை பேரும் இவ்வூருக்காகச் சண்டையிட்டார்கள். ஆங்கிலேயர் 1795-இல் இதைக் கைப்பற்றினர். இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 9 அன்று, ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு வீசின. ஆங்கிலேயரின் கடற்படைத்தளம் இலங்கை அரசின் கைக்கு வந்தது 1957-இல். சீனக்குடாப் பக்கத்தில் அவர்கள் கட்டிவைத்த பிரமாண்டமான எண்ணெய்த் தாங்கிகளை இன்றும் காணலாம்.

கப்பல் கரையோடு அணைந்து நின்றது. இலங்கைக் கரையில் கடலின் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே ஒரு மீட்டர் வித்தியாசம்கூட இல்லை. ஆதலால் கப்பலிலிருந்து இறங்கும் சாய்வுப் பாலம் நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே சரிவில் இருக்கும். கப்பலைக் கடலில் நிறுத்திச் சிறு படகில் இறக்கும் துறைகளில் சக்கர நாற்காலிப் பிரயாணிகள் பெரும்பாலும் கப்பலிலேயே தங்கிவிட நேர்கிறது. இங்கே அந்த அம்மையார் எவருடைய தோளையும் பற்றாமல், நாற்காலியில் அமர்ந்தபடியே தம் ஊர் மண்ணில் இறங்கினார். இறங்கியதும் குனிந்து தரையைத் தொட முயன்றார். கை எட்டவில்லை. என் மகள் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவருடைய மருமகன் ஒரு வான் அமர்த்தியிருந்தான். எங்களையும் உடன் வரச் சொன்னார்கள். பத்திரகாளி அம்மன் கோயிலைத் தரிசித்துவிட்டுப் பிரெடெரிக் கோட்டைக்குப் போனோம். 1620-களில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு இங்கே கோட்டை எழுப்பினார்கள். வாசற்கல்லில் பாண்டியரின் இணைக்கயல் சின்னம் இன்றும் தெரிகிறது. உள்ளே இராணுவ முகாம் ஒரு புறம். மரநிழலில் புள்ளிமான்கள் ஒரு புறம். மான்கள் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை. வாழைப்பழத்தோலுக்காக வானின் சன்னலுக்குள்ளேயே தலையை நீட்டுகின்றன.

இடித்த கோயில் அழிந்துபோய்விடவில்லை. 1950-இல் நகரில் கிணறு வெட்டியபோது பழைய வெண்கல விக்கிரகங்கள் கிடைத்தன. 1956-இல் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் பாறையின் அடியில் கடலுள் மூழ்கிப் பழைய ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டார்கள். 1963-இல் புதிய ஆலயத்திற்குக் கும்பாபிஷேகம் நடந்தது.

"அந்தக் கும்பாபிஷேகத்துக்கு எனக்கு மூன்று வயது. அப்பா தோளில தூக்கிக்கொண்டு வந்தவர்" என்றார் அம்மையார்.

வாகனம் போகக்கூடிய எல்லை வந்தது. அதற்கு மேல் கடைகளின் ஊடே ஏற்றம். ஏற்றத்தின் முடிவில் படிகள். மருமகனும் நானும் மாறி மாறி நாற்காலியைத் தள்ளினோம். என் முழங்கால் ஒரு வார்த்தையும் பேசவில்லை! படி வந்ததும், அங்கு நின்ற இளைஞர் சிலர் தாமாகவே ஓடி வந்து, "அம்மா, நாங்கள் தூக்கிவிடுறம்" என்றார்கள். நல்ல பிள்ளைகள். அவர் கைகூப்பி மறுத்துவிட்டார்.

"அண்டைக்கு அப்பா தூக்கினபோது சந்தோஷமாக இருந்தது. இப்ப வேண்டாம், பிள்ளைகள். தூக்குறதுக்கு ஆள் இல்லாத நாளிலயும் நான் கோயிலுக்கு வர வேணும் எல்லோ?" என்றார். படியடியில் நின்றபடியே கோபுரத்தை நோக்கிக் கும்பிட்டார். சம்பந்தரும் தொலைவில் நின்றுதானே பாடினார் என்று சொல்லி அவரைத் தேற்ற நினைத்தேன். ஆனால் அவர் நடக்க முடிந்தும் நின்றவர். இவருக்கோ வழியிருந்தால் போயிருப்பார். ஆகவே சொல்லவில்லை.

மனைவியும் மகளும் உள்ளே போயிருந்த நேரத்தில், எனக்கு மேலும் பொறுக்க முடியவில்லை. "அம்மா, அந்தப் புண்ணியவான் நான்தான். ஆனால் நான் விட்டுத் தரவில்லை. சண்டை போட்டேன், பிடுங்கித்தான் கொடுத்தார்கள்" என்றேன்.

அவர் சிரித்தார். "தெரியும், தம்பி. உங்கட மகள் முதல் நாளே வந்து சொல்லிப்போட்டாள். எங்கள் அப்பா கோபக்காரர், மன்னித்துக்கொள்ளுங்கள் எண்டு கேட்டவள். விட்டுத் தந்தவர் எண்டு நான் சொன்னால் நீங்களும் அப்பிடியே நினைச்சுக்கொள்ளுவீங்கள் எண்டு பார்த்தன்" என்றார்.

இதற்கு மேல் நான் என்ன சொல்வது? மாணவர்களுக்கு நீதிநூல் நடத்தும் எனக்கு என் மகளும், முன்பின் அறியாத ஓர் அம்மையாரும் பாடம் நடத்திவிட்டார்கள்.

ஊர் திரும்பிய பின் இந்த விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்கும் சட்டம் 1996-இலேயே வந்தது. பொதுக் கட்டிடங்களில் அவர்கள் நுழைவதற்கு வழி அமைக்க வேண்டும் என்ற விதிகள் 2006-இல் வந்தன. விதிகள் ஏட்டில் கிடந்தபோது, அஜித் பெரேரா என்பவர் உயர் நீதிமன்றத்தை நாடினார். கிரிக்கெட் நடுவராக விளங்கிய அவர், 1992-இல் ஓடும் காரின்மேல் மரம் விழுந்ததால் சக்கர நாற்காலியில் அமர்ந்தவர். அவர் தொடுத்த வழக்கில்தான், புதிய பொதுக் கட்டிடங்கள் அந்த விதிகளைப் பின்பற்றியே தீர வேண்டும் என்று 2011-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் இந்தியாவில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் போக்குவரத்திலும் பொது இடங்களிலும் இந்த உரிமையை வலியுறுத்துகிறது.

கப்பலைப் பற்றியே ஒரு வழக்கு அமெரிக்காவில் நடந்தது. கப்பல் வெளிநாட்டுக் கொடியைத் தாங்கியது, ஆகவே எங்கள் ஊர்ச் சட்டம் அதற்குப் பொருந்துமா என்பது கேள்வி. அமெரிக்கக் கடற்பரப்புக்குள் வரும் அத்தகைய கப்பல்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. கப்பலின் நிரந்தர அமைப்பை மாற்றும் விஷயத்தில் சில வரம்புகளையும் கூறியது. அந்நாட்டு ஓட்டல்களுக்கு 2012 முதல் இன்னும் தெளிவான விதி உண்டு. இத்தகைய அறைகளை மற்ற அறைகள் தீரும்வரை தேவைப்படுவோருக்கென்றே வைத்திருக்க வேண்டும். ஒருவர் பதிவு செய்துவிட்டால் அந்த அறையையே அவருக்குக் காத்துத் தர வேண்டும். அம்மையார் ஏழு நாள் தாகத்தோடு இருந்தாரே, அந்தக் கொடுமையைத் தடுப்பதற்கான விதி இதுதான்.

ஆனால் எந்த விதியும் என்னைப் போன்ற ஆளின் அரை உண்மையைக் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது. நம் ரயில்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று பெட்டி உண்டு. அதில் கைகால் திடமான நாம் எத்தனை முறை ஏறி உட்கார்ந்து, "யாராவது வந்தால் எழுந்துகொள்வோம்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! வருகிறவர் கூட்டத்தைக் கண்டு ஏறாமலே திரும்பிவிடுகிறார். நாமோ யாரும் வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

பிரயாணம் போக எண்ணும் குடும்பங்களுக்கு அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். உங்களில் சக்கர நாற்காலி உபயோகிப்பவர் இருந்தால், அதன் அகலத்தை அளந்து முன்கூட்டியே எழுதித் தெரிவியுங்கள். அறையின் வாசல், குளியலறை வாசல் இரண்டின் அகலத்தையும் கேளுங்கள். அறையின் எண்ணை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். கப்பல் கரையில் அணையுமா, படகில் இறக்குவார்களா என்பதையும் விசாரியுங்கள். உங்களுக்கு அந்தத் தேவை இல்லையென்றால், அந்தச் சிறு அடையாளத்தைக் கண்டதும் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.

மாலையில் கப்பல் புறப்பட்டது. சென்னையில் நான் சண்டையிட்ட உத்தியோகஸ்தரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, ஐயா. பலரும் அப்படித்தான் கோபிப்பார்கள். திரும்பி வந்து பேசுகிறவர்கள்தான் குறைவு" என்றார் அவர்.

பிறகு அம்மையார் எங்களைத் தம் அறைக்கு அழைத்தார். என் மகள் அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். குளியலறை வாசலை அளந்து, "முப்பத்து மூன்று" என்று அறிவித்தாள். சன்னலுக்கு வெளியே கோணமலையின் விளக்குகள் மெல்லப் பின்னே நகர்ந்துகொண்டிருந்தன. அம்மையார் நாற்காலியைத் தாமே திருப்பிக்கொண்டு சன்னலருகே போனார். மேசைமீது ஒரு பெரிய தம்ளரில் தண்ணீர் இருந்தது. அதை எடுத்து, வெளியே பார்த்தபடி, மெதுவாக முழுவதையும் குடித்தார்.